எஞ்சியிருந்த வாயில்கள்: வாய்வழி நீரேற்ற ஆய்வுகளின் வரலாறும் அதில் வேலூரின் இடமும் (1953–2008)

ஆய்வுச்சுருக்கம்

கடும் வயிற்றுப்போக்கில் இழக்கப்படும் நீரையும் உப்பையும் வாய்வழியாகவே ஈடுசெய்யலாம் என்பது இன்று பள்ளிப் பாடநூல் அளவிலான செய்தி. அது மருத்துவ உலகில் ஏற்பைப் பெற்ற வரலாறு பெரும்பாலும் ஒரு கண்டுபிடிப்பின் கதையாகவே சொல்லப்படுகிறது. நோயுற்ற குடல் முற்றிலும் செயலிழந்துவிடுகிறது என்ற முற்கோள் இரு கட்டங்களில் தகர்ந்த வரலாறாக இக்கட்டுரை அதனை வாசிக்கிறது. முதற்கட்டம் சிறுகுடலைப் பற்றியது. அது கல்கத்தாவிலும் டாக்காவிலும் நிகழ்ந்தது. இரண்டாம் கட்டம் பெருங்குடலைப் பற்றியது. அது வேலூரில் நிகழ்ந்தது. முதலாவது உலகச் செயல்திட்டமாக மாறியதற்கும் இரண்டாவது ஆய்விதழ்ப் பக்கங்களோடு நின்றதற்கும் உரிய காரணங்கள் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காலரா, வாய்வழி நீரேற்றம், பெருங்குடல், செரிக்காத மாவுச்சத்து, வேலூர், மருத்துவ வரலாறு

முன்னுரை

தமிழில் மருத்துவ வரலாறு எழுதப்படும்போது அது பெரும்பாலும் சித்த மருத்துவச் சுவடிகளையோ காலனியக் காலக் கொள்ளைநோய் நிருவாகத்தையோ மையமாகக் கொள்கிறது. விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் நோயாளியின் படுக்கையருகே நடந்த ஆய்வுகள் வரலாற்றுப் பொருளாகக் கருதப்படுவது அரிது. அவை மருத்துவர்களுக்கு உரியவை, வரலாற்றாளர்க்கு அவற்றில் வேலை இல்லை என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். இவ்வெண்ணம் பொருத்தமற்றது. ஒரு மருத்துவ ஆய்வு எந்த வினாவைக் கேட்கிறது, எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பன வரலாற்று வினாக்களே ஆகும்.

அவ்வகையில், 2000ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான வேலூர் ஆய்வொன்று இக்கட்டுரைக்கு முதன்மைச் சான்றாகிறது. அவ்வாய்வு கேட்ட வினாவின் பொருளை உணர அதற்கு முந்தைய அரை நூற்றாண்டை முதலில் காண வேண்டும்.

செத்த குடல் என்னும் கருத்து

காலராவில் உயிரைப் பறிப்பது நீரிழப்பு என்பது புதிய செய்தியன்று. 1832ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஓஷானசி காலரா நோயாளிகளின் குருதியில் நீரும் உப்பும் குன்றியிருப்பதைக் காட்டினார். அதே ஆண்டில் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா நோயாளிகளின் சிரைக்குள் உப்புநீரைச் செலுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் அடர்மிகு உப்புநீரைச் சிரைவழியாகச் செலுத்தி இறப்பு விகிதத்தைக் கணிசமாகக் குறைத்தார். ஆக, நீரைத் திருப்பித் தர வேண்டும் என்பதில் ஐயம் இருக்கவில்லை. எவ்வழியாகத் தருவது என்பதே வினா. அதற்குச் சிரைவழி என்ற ஒரே விடை நூறாண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

இவ்விடைக்குப் பின்னால் உடற்கூற்றுக் கருத்து ஒன்று இருந்தது. காலராவில் குடலின் உட்படலம் உரிந்து போகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நோய்க்கூற்று அறிஞர்கள் கருதினர். இறந்தவர்களின் குடலை ஆராய்ந்தே அவர்கள் இம்முடிவுக்கு வந்தனர். இறப்பிற்குப் பின் குடற்படலம் விரைவில் சிதைந்துவிடும் என்பதால் சான்றே அவர்களைத் தவறான வழியில் செலுத்தியது. படலம் உரிந்த குடலால் எதையும் உறிஞ்ச இயலாது. எனவே வாய்வழியாக நீர் கொடுப்பது வீண், குடலுக்கு ஓய்வே தேவை என்பது இதன் நடைமுறை விளைவு. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உணவையும் நீரையும் நிறுத்தும் வழக்கத்திற்கு நவீன மருத்துவமும் நெடுங்காலம் துணைநின்றது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். 'பட்டினி போடுதல்' நாட்டு வழக்கம் மட்டுமன்று.

இக்கருத்தை இரண்டு ஆய்வுகள் அசைத்தன. 1959ஆம் ஆண்டு கல்கத்தாவைச் சேர்ந்த சம்பு நாத் டே, காலரா கிருமி வளர்ந்த திரவத்தைக் கிருமி நீக்கி முயலின் குடற்கண்ணியில் செலுத்தினார். கிருமி இல்லாதபோதும் அக்கண்ணியில் நீர் நிறைந்தது. நோயைச் செய்வது கிருமி வெளியிடும் நச்சு என்பது இதனால் விளங்கியது. மறுஆண்டு யூஜின் காங்கரோசாவும் அவர்தம் குழுவினரும், பாங்காக்கில் உயிருடனிருந்த காலரா நோயாளிகளின் சிறுகுடலிலிருந்து எடுத்த திசுக்களில் உட்படலம் உரியாமல் முழுமையாக இருந்ததை வெளியிட்டனர். அதாவது குடல் செத்துவிடவில்லை. அது நீரைச் சுரந்துகொண்டிருந்தது. இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பின்னர் நிகழ்ந்த அனைத்தும் இதன்மீதே எழுந்தன.

அளவையும் அங்கீகாரமும்

இங்கு ஒரு முரண் எழுகிறது. மேற்கண்ட இரு ஆய்வுகளுக்கும் முன்னதாக, 1953ஆம் ஆண்டிலேயே கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி, உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்து 186 காலரா நோயாளிகளைத் தேற்றியதை 'லான்செட்' இதழில் எழுதியிருந்தார். வாந்தியை நிறுத்த ஒரு மருந்தும், வயிற்றுப்போக்கிற்கு ஓர் இலைச்சாறும் அவர் முறையில் இடம்பெற்றன. அக்கட்டுரை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

ஏன் கிடந்தது என்பதில் வரலாற்றாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. மேலை மருத்துவ உலகம் ஓர் இந்திய மருத்துவரின் சொல்லைப் பொருட்படுத்தவில்லை என்பது ஒரு விளக்கம். அவர் உட்சென்ற நீரையும் வெளியேறிய நீரையும் அளந்து கணக்குக் காட்டவில்லை, ஒப்பீட்டுக் குழுவும் வைக்கவில்லை என்பது மற்றொன்று. இவ்வரலாற்றை விரிவாக எழுதிய ஜோஷுவா ரக்சின் இவ்விரு கோணங்களையும் கவனத்தில் கொள்கிறார். இரண்டாம் விளக்கத்தைப் புறந்தள்ள இயலாது. சாட்டர்ஜியின் நோயாளிகள் பிழைத்தனர். ஆனால் அவர்கள் குடித்த நீர் குடலால் உறிஞ்சப்பட்டதா என்ற வினாவிற்கு அவரது கட்டுரையில் விடை இல்லை. குடல் செத்தது என்று நம்பியவர்களை மாற்றுவதற்கு அந்த விடையே தேவைப்பட்டது. எனினும், அதே காலத்தில் மேலை மருத்துவர் ஒருவர் இதே அளவு சான்றுடன் எழுதியிருந்தால் யாரேனும் அதனை அளந்து பார்க்க முனைந்திருப்பர் என்ற ஐயமும் முற்றிலும் நீங்கவில்லை.

அளக்கும் கருவி எளிமையானது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் ஃபிலிப்ஸின் குழுவில் ரேமண்ட் வாட்டன் வடிவமைத்த கட்டில் அது. கித்தான் துணியின் நடுவே ஒரு துளை, அதன் கீழ் ஒரு வாளி. வெளியேறும் நீர் முழுவதும் வாளியில் சேரும். மணிக்கு எவ்வளவு இழப்பு என்பதை எவரும் கணக்கிடலாம். காலரா ஆய்வின் வரலாற்றில் நுண்ணோக்கிக்கு நிகரான இடம் இவ்வாளிக்கு உண்டு என்பது மிகையன்று. தெற்காசிய மருத்துவமனைகளில் அது இன்றும் பயன்படுகிறது.

சிறுகுடலில் குளுக்கோஸும் சோடியமும் இணைந்தே உட்செல்கின்றன என்ற கருதுகோளை ராபர்ட் கிரேன் 1960ஆம் ஆண்டு பிராகாவில் நடந்த கருத்தரங்கில் முன்வைத்தார். ஃபிலிப்ஸும் குளுக்கோஸ் சேர்த்தால் காலரா நோயாளியின் குடல் உப்பை ஏற்கிறது என்பதைக் கண்டார். ஆனால் 1962ஆம் ஆண்டு மணிலாவில் அவர் குழு மேற்கொண்ட சோதனையில் நோயாளிகள் சிலர் இறந்தனர். உப்பு மிகுந்த கரைசலும் போதிய கணக்கின்மையும் அதற்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. ஃபிலிப்ஸ் பின்னாளில் டாக்கா காலரா ஆய்வகத்தின் தலைவரானபோது வாய்வழி முறையில் காட்டிய தயக்கத்தை இந்நிகழ்வோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். தாமதம் எப்போதும் மூடநம்பிக்கையின் விளைவன்று; சில வேளைகளில் அது இறந்தவர்களின் நினைவு.

டாக்காவில் நார்பர்ட் ஹர்ஷ்ஹார்ன், குளுக்கோஸ் கலந்த கரைசலைக் காலரா நோயாளிகளின் குடலுக்குள் நேரடியாகச் செலுத்தி நிகர இழப்பு குறைவதை நிறுவினார். அதனையடுத்து டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ், ரஃபிகுல் இஸ்லாம், மஜித் மொல்லா ஆகியோர் 29 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1968ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'லான்செட்' இதழில் வந்தது. அதிர்ச்சி நிலையிலிருந்த நோயாளிகளுக்கு முதலில் சிரைவழி நீர் செலுத்தப்பட்டது. பின்னர், வாளியில் சேர்ந்த அளவிற்கு ஈடான கரைசல் வாய்வழியாகவோ குழாய்வழியாகவோ கொடுக்கப்பட்டது. சிரைவழி நீரின் தேவை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. போனதற்கு ஈடாகக் கொடு என்ற இவ்விதியே சாட்டர்ஜியின் முறையில் இல்லாததும் டாக்கா முறையில் இருந்ததும் ஆகும்.

1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான பங்காவோனில் நேர்ந்தது பலரும் அறிந்ததே. அகதிகளிடையே காலரா பரவியது; சிரைவழி நீர் தீர்ந்துபோயிற்று. கல்கத்தாவிலிருந்து வந்த திலீப் மகலாநாபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் பொட்டலங்கள் கட்டச் செய்து, கரைசலைப் பீப்பாய்களில் நிறைத்து வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதனைக் குவளையில் பிடித்துக் கொடுத்தனர். அம்மையத்தில் மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் மருத்துவம் பெற்றனர்; இறப்பு 3.6 விழுக்காடு. ஒப்பீட்டுக் குழு இல்லாத இவ்வறிக்கை 1973ஆம் ஆண்டே அச்சாயிற்று. அங்கு வந்து பார்த்த உலக நலவாழ்வு நிறுவன மருத்துவர் திமான் பருவா பின்னாளில் அந்நிறுவனத்தின் வயிற்றுப்போக்குக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை வழிநடத்தினார். 1975ஆம் ஆண்டு கரைசலின் விகிதம் உலகப் பொதுவாக வரையறுக்கப்பட்டது.

தீராத குறை: நிற்காத போக்கு

இவ்வெற்றியில் ஒரு குறை இருந்தது. மருத்துவர்களைவிடத் தாய்மார்கள் அதனை முன்னதாக உணர்ந்தனர். கரைசல் உயிரைக் காத்தது, போக்கை நிறுத்தவில்லை. குழந்தையின் வயிற்றுப்போக்கு எத்தனை முறை, எத்தனை நாள் என்று எண்ணும் தாயின் கணக்கில் கரைசல் பயனற்றதாகவே தெரியும். ஊசி போடும் மருத்துவரையோ மாத்திரை தரும் கடைக்காரரையோ அவள் நாடுவது அறியாமை என்று எழுதுவது எளிது. அவள் அளந்தது வேறு, ஆய்வாளர் அளந்தது வேறு என்பதே உண்மை.

இக்குறையைப் போக்கும் முயற்சிகள் 1980களில் டாக்காவில் அரிசியை நாடின. குளுக்கோசுக்கு மாற்றாக அரிசிமாவைச் சேர்த்த கரைசல், காலராவில் மலத்தின் அளவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததைப் பின்வந்த தொகுப்பாய்வு உறுதிசெய்தது. பிற வயிற்றுப்போக்குகளில் அப்பயன் குறைவு. கஞ்சித்தெளிவு கொடுக்கும் நம் வழக்கத்தை இதனோடு இணைத்துப் பெருமை கொள்ளும் போக்கு பொதுமேடைகளில் உண்டு. உப்பின் அளவு வரையறுக்கப்பட்ட கரைசலும் கஞ்சியும் ஒன்றல்ல என்பதை மட்டும் இங்குக் குறிப்பிட்டு அமையலாம். மற்றொரு வழி, கரைசலின் செறிவைக் குறைப்பது. பல நாட்டு ஆய்வுகளுக்குப் பின் 2002ஆம் ஆண்டு மொத்தச் செறிவு லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோலிலிருந்து 245ஆகக் குறைக்கப்பட்டது.

இவ்விரு முயற்சிகளும் சிறுகுடலையே நோக்கியவை. பெருங்குடல் எவர் கருத்திலும் இல்லை. சிறுகுடலிலிருந்து பாயும் வெள்ளம் கடந்துசெல்லும் வெறும் குழாயாகவே அது கருதப்பட்டது. முன்பு சிறுகுடலுக்கு நேர்ந்த புறக்கணிப்பு இப்போது பெருங்குடலுக்கு நேர்ந்தது.

வேலூர் ஆய்வகம்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வெல்கம் ஆய்வுப் பிரிவு, செல்வின் பேக்கரின் தலைமையில் குடல் நோய்களை ஆராய்ந்த இடம். 1960களின் தொடக்கத்தில் அன்றைய வடஆற்காடு மாவட்டச் சிற்றூர்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் உறிஞ்சற்குறை நோய் கொள்ளைநோயாகப் பரவியபோது, பேக்கரும் வி.ஐ. மாதனும் அதனை ஊர் ஊராகத் தொடர்ந்து ஆய்ந்தனர். அப்பணியில் கிடைத்த ஒரு முடிவு பின்வந்த ஆய்வுகளுக்கு அடித்தளமாயிற்று. நலமாக உள்ள தென்னிந்தியச் சிற்றூர் மக்களின் சிறுகுடல் அமைப்பே மேலைப் பாடநூல் காட்டும் இயல்பிலிருந்து வேறுபட்டிருந்தது. எனவே நோயை அளக்கும் முன் இங்குள்ள இயல்பை இங்கேயே அளக்க வேண்டும் என்ற ஒழுங்கு அவ்வாய்வகத்தில் வேரூன்றியது.

அம்மரபில் வந்த பி.எஸ். ராமகிருஷ்ணா, மாதனுடன் இணைந்து 1993ஆம் ஆண்டு 'கட்' இதழில் வெளியிட்ட ஆய்வு, கடும் வயிற்றுப்போக்கில் பெருங்குடலின் நிலையை நோக்கியது. செரிக்காமல் எஞ்சும் மாவுப்பொருளைப் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவ்வமிலங்களை ஏற்கும்போது பெருங்குடல் சோடியத்தையும் நீரையும் உடன் ஏற்கிறது. வயிற்றுப்போக்கு நோயாளிகளின் மலத்தில் இவ்வமிலங்கள் குன்றியிருந்தன. அவர்களின் பெருங்குடல் நீரை உறிஞ்சும் திறனும் குன்றியிருந்தது. அமிலங்கள் உள்ளே கிடைத்தபோது அத்திறன் மீண்டது.

இதில் அமைந்துள்ள ஒப்புமை கருதத்தக்கது. காலரா நச்சு குடற்கலத்தில் சுழற்சி ஏ.எம்.பி. என்னும் சேர்மத்தை மிகுவித்து, உப்பு உட்புகும் ஒரு வாயிலை அடைக்கிறது. குளுக்கோஸோடு சோடியம் புகும் வாயில் சிறுகுடலில் அடைபடுவதில்லை. டாக்கா ஆய்வு பயன்கொண்டது அதனை. கொழுப்பு அமிலங்களோடு சோடியம் புகும் வாயில் பெருங்குடலில் அடைபடுவதில்லை. வேலூர் ஆய்வு தேடியது அதனை. பெருங்குடல் வரை செரிக்காமல் செல்லக்கூடிய மாவுச்சத்து எது என்பதே எஞ்சிய வினா.

அடிலெய்டின் கிரேம் யங், யேலின் ஹென்றி பைண்டர் ஆகியோருடன் இணைந்து வேலூர்க் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. காலரா கண்ட 48 வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களும் சமவாய்ப்பு முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவிற்கு வழக்கமான கரைசல். மற்றொன்றிற்கு அதனுடன் லிட்டருக்கு 50 கிராம் அரிசிமாவு. மூன்றாவதற்கு அதே அளவு அமைலோஸ் மிகுந்த மக்காச்சோள மாவுச்சத்து. வயிற்றுப்போக்கு நீடித்த சராசரி நேரம் முறையே 90.9, 70.8, 56.7 மணி. பன்னிரண்டாம் மணி முதல் இருபத்துநான்காம் மணி வரை வெளியேறிய மலத்தின் சராசரி எடை, வழக்கமான கரைசல் குழுவில் 3251 கிராம். மக்காச்சோள மாவுச்சத்துக் குழுவில் 2206 கிராம். கொடுத்த மாவுச்சத்தில் ஒரு பகுதி நொதிக்காமலே வெளியேறியதையும் ஆய்வாளர் மறைக்கவில்லை.

எதை அளந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். போக்கு எப்போது நின்றது, எவ்வளவு போயிற்று என்பவையே அளவுகள். இவை தாயின் அளவுகள். 1968ஆம் ஆண்டு வாளி சிரைவழி நீரை மிச்சப்படுத்தும் கணக்கிற்குப் பயன்பட்டது. 2000ஆம் ஆண்டு அதே அளவீடு நோயாளி வேண்டிய விடையைத் தந்தது. குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2006ஆம் ஆண்டிலும், செறிவு குறைந்த புதிய கரைசலோடு பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு 2008ஆம் ஆண்டிலும் வந்தன. இரண்டும் முதல் ஆய்வின் போக்கையே உறுதிசெய்தன.

ஏன் பொட்டலத்திற்குள் செல்லவில்லை

29 நோயாளிகளிடம் தொடங்கிய முறை ஏழே ஆண்டுகளில் உலக வரையறையாயிற்று. 48 நோயாளிகளிடம் தொடங்கியது எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் ஆய்வு நிலையிலேயே இருந்தது. ஆய்வின் தரம் இதற்குக் காரணமன்று. முறையியலில் பிந்தையதே வலியது.

மூன்று காரணங்கள் தென்படுகின்றன, அவற்றின் எடை சமமன்று. ஆய்வுகள் சிறியவை, ஒரே மையத்தைச் சார்ந்தவை என்பது கொள்கை வகுப்போரின் நியாயமான தயக்கம். 2002ஆம் ஆண்டு மாற்றம் அதே குறைக்கு ஒரு பகுதித் தீர்வைத் தந்துவிட்டதால் மீண்டும் வாய்பாட்டை மாற்றும் ஆர்வம் குன்றியிருக்கும். ஆயினும் முதன்மைக் காரணம் பொருளில் இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். 1980 முதல் வங்கதேசத்தில் பிராக் தொண்டு நிறுவனம் வீடுவீடாகச் சென்று ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம் என்று கற்றுக்கொடுக்க முடிந்தது அதனால்தான். அமைலோஸ் மிகுந்த மக்காச்சோள மாவுச்சத்து சிறப்பாக வளர்க்கப்பட்ட பயிரிலிருந்து ஆலையில் பிரித்தெடுக்கப்படுவது. அதனைச் சிட்டிகையால் அளக்க இயலாது, பெட்டிக்கடையில் வாங்கவும் இயலாது.

இதனோடு மற்றொன்றையும் சேர்க்க வேண்டும். டாக்கா முறைக்கு ஒரு பங்காவோன் நேர்ந்தது. வேறு வழியற்ற ஒரு நெருக்கடி, ஒப்பீட்டுக் குழுவற்ற அறிக்கையையும் மறுக்கவொண்ணாச் சான்றாக்கியது. வேலூர் முறைக்கு எதிர்நின்றது இறப்பன்று. ஏற்கெனவே உயிர்காக்கும் ஒரு கரைசல். உயிருக்கும் இறப்பிற்கும் இடையிலான வேறுபாடு அரசுகளை அசைக்கும். 34 மணி நேர வேறுபாடு அசைக்காது. அந்த 34 மணி நேரத்தில் கரைசலைக் கைவிட்டுவிடும் தாயைக் கணக்கில் கொண்டாலன்றி.

அக்கணக்கு இந்தியாவில் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுள் உப்பு–சர்க்கரைப் பொட்டலக் கரைசல் பெற்றோர் 2015–16இல் 50.6 விழுக்காடு, 2019–21இல் 60.6 விழுக்காடு. பங்காவோனுக்கு அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் பத்துக் குழந்தைகளில் நால்வருக்கு அது கிட்டவில்லை. மருந்துக்கடையில் விற்கும் பொட்டலத்தின் முதுகில் இன்று அச்சிடப்பட்டிருப்பவை லிட்டருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட், 13.5 கிராம் குளுக்கோஸ் ஆகிய நான்கே. சிறுகுடலின் வாயிலுக்கு உரியவை அவை. பெருங்குடலுக்கென அதில் எதுவும் இல்லை.